ரத்தம் சேருகிறது என்கிறார்கள், பிறகு ஏன் ஆள் கேட்கிறார்கள்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் தேவகோட்டை. 82 வயது அப்பத்தா வீட்டுப் பட்டாலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். இரண்டு யூனிட் ரத்தம் வேண்டும், பதிலுக்கு இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். சித்தப்பா மகனையும் பக்கத்து வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். கடைசியில் அப்பத்தாவுக்கு ஏற்றியது ஒரே யூனிட். நீங்களோ இதுவரை 18 முறை ரத்தம் கொடுத்தவர். "நாட்டில் ஆண்டுக்கு ஒரு கோடி யூனிட்டுக்கு மேல் சேருகிறது என்று செய்தியில் வருகிறது. அப்படியென்றால் என்னிடம் ஏன் ஆள் கேட்டார்கள்? மிச்சம் ஒரு யூனிட் எங்கே போனது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் யாரோ காசு பார்க்கிறார்களோ என்ற சந்தேகமும் அதற்குள் இருக்கிறது. நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது.

நான் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ரத்த வங்கிகளில் 29 வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 2020-ல் சட்ட விதிகளிலேயே 'ரத்த வங்கி' என்பதை 'ரத்த மையம்' என்று மாற்றிவிட்டார்கள், எனக்குத்தான் வாய் பழகவில்லை. நான் டாக்டர் இல்லை. எந்த நோயாளிக்கு எத்தனை யூனிட் என்பது டாக்டர் முடிவு செய்வது. பை எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் தாங்கும், எப்போது தீர்ந்துபோகும் என்பதுதான் நான் பார்த்த வேலை. பதிலையும் அங்கிருந்துதான் சொல்ல முடியும்.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். மிச்ச யூனிட் பெரும்பாலும் எங்கேயும் போயிருக்காது. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் "ரெண்டு யூனிட் ரிசர்வ்" என்று எழுதுவார். நாங்கள் உங்கள் அப்பத்தாவின் ரத்த மாதிரியோடு இரண்டு பையைக் கிராஸ்மேட்ச் செய்து, அதாவது ஒத்துப்போகிறதா என்று சோதித்து, அவர் பெயரெழுதிய சீட்டை ஒட்டிக் குளிர்பெட்டியில் தனியாக வைப்போம். ஒன்றுதான் தேவைப்பட்டது என்றால் மற்றதன் சீட்டைக் கிழித்துவிட்டுப் பொது இருப்பில் சேர்த்துவிடுவோம், மறுநாள் அது வேறு யாருக்காவது போகும். பை எங்கள் மையத்தை விட்டு வெளியே போய், குளிர்ச்சி இல்லாமல் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் மட்டும் திரும்ப எடுக்கமாட்டோம். இன்னொன்று: உங்கள் தம்பி, அதாவது சித்தப்பா மகன், கொடுத்த ரத்தம்தான் அப்பத்தாவுக்கு ஏறியது என்று நினைத்திருந்தால், அநேகமாக அப்படி இருக்காது. அதற்கு எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனை முடிய வேண்டும். அப்பத்தாவுக்கு ஏறியது எப்போதோ யாரோ கொடுத்து, சோதனை முடிந்து இருப்பில் இருந்த ரத்தம். உங்கள் ஆட்கள் கொடுத்தது அந்த இடத்தை நிரப்ப. நம் ஊர் வழக்கில் சொன்னால் கைமாற்று.

இப்போது பெரிய கணக்குக்கு வருகிறேன். செட்டிநாட்டுக்காரருக்கு ஐந்தொகை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நாட்டின் ரத்தத்துக்கும் அப்படி ஒரு ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு, போட்டால் வரவுப் பக்கம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 2016-17-ல் இந்தியா முழுவதும் சேர்ந்தது சுமார் 1 கோடியே 11 லட்சம் யூனிட். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் கொடுத்தால் அடிப்படைத் தேவைக்கு ஆகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்குப்படி அப்போது 1 கோடியே 30 லட்சம் வேண்டியிருந்தது, 19 லட்சம் குறைவு. அதன் பிறகு வரவு கூடித்தான் வந்திருக்கிறது. கொரோனா வருடத்தில் கல்லூரிகளும் கம்பெனிகளும் மூடிக் கிடந்ததால் முகாமே இல்லாமல் சறுக்கியதை நானே பார்த்தேன். அதைத் தவிர்த்துப் பார்த்தால் போக்கு மேல்நோக்கித்தான். இதுவரை சந்தேகத்துக்கு இடமில்லை.

செலவுப் பக்கத்தில்தான் தகராறு. 2019-ல் லான்செட் ஹெமட்டாலஜி என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இந்தியாவுக்கு 4 கோடியே 10 லட்சம் யூனிட் பற்றாக்குறை, உலகத்திலேயே பெரிய பள்ளம் இங்கேதான் என்றது. செய்தித்தாள்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டன. 2022-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று செய்த தேசிய ஆய்வு வேறு எண்ணைச் சொன்னது: மருத்துவமனைகளில் உண்மையில் கேட்கப்படும் அளவு ஆண்டுக்கு 1 கோடியே 46 லட்சம் யூனிட். ரத்தம் கொடுக்கத் தகுதியுள்ள ஆயிரம் பேருக்கு 36 தானம் தேவை, கிடைப்பது 34-ஐ ஒட்டி. அதாவது கொஞ்சம்தான் இடிக்கிறது. ஒன்று பாதாளப் பள்ளம் என்கிறது, மற்றது வரப்பு உயரம் என்கிறது. எது சரி? என் கருத்தில் இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். லான்செட் ஆய்வு நோய்க் கணக்கிலிருந்து தொடங்கி, இத்தனை நோயாளிக்கும் முறைப்படி வைத்தியம் நடந்தால் எவ்வளவு ரத்தம் வேண்டும் என்று பார்த்தது. வேலூர் ஆய்வு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர்களுக்கு டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்தது. ஆஸ்பத்திரிக்கே வராமல் வீட்டில் கிடந்து இறந்துபோனவர் இரண்டாவது கணக்கில் ஏறவே மாட்டார். அதேபோல, தேவையில்லாமல் டாக்டர் எழுதிய யூனிட்டும் அதில் தேவை என்றே ஏறிவிடும். ஆகவே "நாட்டில் இவ்வளவு பற்றாக்குறை" என்று யாராவது ஒரே எண்ணை அடித்துச் சொன்னால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

ஆனால் நாட்டுக் கணக்கு சரியாக வந்துவிட்டாலும் உங்களிடம் ஆள் கேட்டிருப்பார்கள். பணம் பெட்டகத்தில் இருந்தால் பத்து வருடம் கழித்தும் பணம்தான். ரத்தம் அப்படி இல்லை. முழு ரத்தம் 35 நாள். சிவப்பணுவைப் பிரித்து அதற்கான திரவத்தில் வைத்தால் 42 நாள். தட்டணு, அதாவது பிளேட்லெட், வெறும் 5 நாள், அதுவும் ஆட்டிக்கொண்டே இருக்கும் பெட்டியில். பிளாஸ்மா மட்டும் உறைநிலையில் ஒரு வருடம் இருக்கும். ஆகஸ்ட் 15-க்கும் தலைவர், நடிகர் பிறந்தநாளுக்கும் ஒரே நாளில் நூறு, நூற்றைம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் சண்டை. அத்தனையும் ஒரே தேதியில் காலாவதியாகும். கொடுத்தவர்களோ அடுத்த மூன்று மாதத்துக்குக் கொடுக்கவும் முடியாது. சித்திரை, வைகாசியில் கல்லூரி லீவு, வெயில் கொளுத்துகிறது, முகாமுக்கு ஆளில்லை. அந்தச் சமயத்தில் தேசியச் சராசரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு 2017-ல் வெளிவந்த கணக்கொன்று, ஐந்து வருடத்தில் 28 லட்சம் யூனிட்டுக்கு மேல் வீணானதாகச் சொன்னது. அதில் பிளாஸ்மா, தட்டணு எல்லாம் சேர்த்தி. சோதனையில் தொற்று தெரிந்து அழித்ததும் உண்டு. எல்லாமே அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒரு ஊரில் காலாவதியாகும் அதே வாரம் இன்னொரு ஊரில் ஆள் தேடுகிறார்கள் என்பது நான் கண்ணால் பார்த்தது.

இதற்குக் காரணம் மையங்கள் சிதறிக் கிடப்பது. இந்தியாவில் நாலாயிரத்துக்கும் மேல் ரத்த மையங்கள் இருக்கின்றன. பல சின்ன மையங்கள். சின்ன மளிகைக் கடை மாதிரி, எல்லாச் சரக்கிலும் ரெண்டு ரெண்டு வைத்திருக்கும். நம் பக்கம் ஓ பாசிட்டிவும் பி பாசிட்டிவும் தாராளம். நெகட்டிவ் குரூப் எல்லாம் சேர்த்தே நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் தேறுவார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு என்று ஒரு ஓ நெகட்டிவ் பெண் ராத்திரி வந்தால், மையத்தில் இருந்த இரண்டு பையும் போய்விடும். பிறகு மதுரைக்குக் கார் அனுப்ப வேண்டும். பொங்கல் சமயம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு முதல் நாள் நாங்கள் ஓ பாசிட்டிவ் பைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். இப்படி நாளைக்கு என்ன வரும் என்று தெரியாத இடத்தில், கையிலிருப்பதைக் கொடுக்கிறவன் பதிலுக்கு ஆள் கேட்பது பயத்தில் வந்த பழக்கம். நியாயம் என்று சொல்லவில்லை. இருப்பு இருக்கும்போது "ஆள் வந்தால்தான் தருவேன்" என்று அடம்பிடிப்பது 2002-ம் ஆண்டின் தேசிய ரத்தக் கொள்கை போகச் சொன்ன திசைக்கு எதிர்த் திசை.

அந்தத் திசைக்கு ஒரு முன்கதை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காசுக்கு ரத்தம் கொடுக்கிறவர்கள் ஆஸ்பத்திரி எதிர் டீக்கடையிலேயே இருப்பார்கள். கை நரம்பில் தழும்பு, முகம் வெளுத்திருக்கும், பெயரை மாற்றிச் சொல்லி மாதம் இரண்டு முறை வருவார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் வாங்குவது நின்றது. நல்ல காரியம். காலியான இடத்தை நிரப்ப வந்தவர்கள்தான் சொந்தபந்தம். தானாக முன்வந்து கொடுப்பவர்களின் பங்கு 2006 வாக்கில் பாதிக்குச் சற்று மேல் இருந்தது, பின்னால் எண்பது சதவீதத்தைத் தொட்டது என்று அரசுக் கணக்கு. தமிழ்நாட்டில் தொண்ணூறுக்கும் மேல் என்பார்கள். இந்த எண்ணை நான் முழுதாக நம்புவதில்லை, காரணம் நானும் அதில் சம்பந்தப்பட்டவன். நோயாளியோடு இருந்தவர் வற்புறுத்தி அழைத்து வந்த மச்சினனிடம் படிவத்தைக் கொடுத்து, 'தன்னார்வக் கொடையாளர்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கச் சொன்ன நாட்கள் உண்டு. மேலே அனுப்பும் கணக்கு அழகாக இருக்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்வார். உங்கள் தம்பியும் எங்கோ ஒரு ஏட்டில் தன்னார்வலராகத்தான் பதிவாகியிருப்பார், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் வரவைப் பற்றி. என் அனுபவத்தில் அதிகம் பேசப்படாதது செலவு. அமெரிக்காவில் 2008-ல் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி சிவப்பணு யூனிட் ஏற்றினார்கள். 2021-ல் அது 1 கோடியே 8 லட்சத்துக்குள் வந்துவிட்டது. மக்கள்தொகை கூடியிருக்கிறது, வயதானவர்கள் கூடியிருக்கிறார்கள், ஆனாலும் ரத்தம் ஏற்றுவது குறைந்திருக்கிறது. சிறு துளை ஆபரேஷன்கள் வந்தது ஒரு காரணம். எத்தனை ஹீமோகுளோபினில் ரத்தம் ஏற்றலாம் என்ற எண்ணம் மாறியது பெரிய காரணம். அந்தக் காலத்தில் நூறு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து கிராமுக்குக் கீழே போனால் ஏற்று என்பது வேதவாக்கு. 1999-ல் கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்குப் பத்துக்குக் கீழ் போனால் ரத்தம், மறுபாதிக்கு ஏழுக்குக் கீழ் போனால்தான் ரத்தம். குறைவாக ஏற்றியவர்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. 2011-ல் வந்த இன்னொன்று உங்கள் அப்பத்தாவுக்கே எழுதியது போல இருக்கும்: இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன, இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள 2,016 பேர். பத்து கிராமை எல்லையாக வைத்த பிரிவில் நடுவாந்திரமாக ஆளுக்கு 2 யூனிட் ஏறியது. எட்டு கிராமை எல்லையாக வைத்த பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு யூனிட்கூட ஏறவில்லை. அறுபது நாள் கழித்து நடக்க முடிந்ததிலும் உயிர் பிழைத்ததிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை. ஆகவே அப்பத்தாவுக்கு ஒன்றோடு நிறுத்தினார்களே, ஏமாற்றினார்களோ என்று குழம்ப வேண்டாம். ஒரு யூனிட் ஏற்றிப் பார்த்துவிட்டு இரண்டாவதை யோசிப்பவர்தான் இன்றைக்கு நல்ல டாக்டர். இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கம், ஏனென்றால் "ஒத்த யூனிட் ஏத்துறதுக்கு ஏத்தாமலே இருக்கலாம்" என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள், நானும் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அதையே ஒப்பித்தேன்.

எல்லாருக்கும் இந்த எல்லை பொருந்துமா என்றால், அது இன்னும் முடிவாகவில்லை. மாரடைப்பு வந்து, கூடவே ரத்தச் சோகையும் இருப்பவர்களைப் பற்றி 2023-ல் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. குறைவாக ஏற்றிய பிரிவில் முப்பது நாளுக்குள் மறு மாரடைப்போ மரணமோ நேர்ந்தவர்கள் 16.9 சதவீதம், தாராளமாக ஏற்றிய பிரிவில் 14.5 சதவீதம். உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை, ஒதுக்கிவிடும் அளவுக்குச் சின்னதும் இல்லை. அதனால் இதைப் படித்துவிட்டு இதய நோயாளிக்கு ரத்தம் வேண்டாம் என்று டாக்டரிடம் வாதாடிவிடாதீர்கள். ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் விபத்துக்காரருக்கும் பிரசவப் பெண்ணுக்கும் இந்த எண்கள் எதுவுமே பொருந்தாது. அங்கே கணக்குப் பார்க்க நேரமில்லை, கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் பக்கம் செலவைக் குறைக்க வழி இருப்பது மெதுவாக வந்த சோகையில்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச் சோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. முகாமில் இது நேரடியாகத் தெரியும். கல்லூரியில் இருபது பெண் பிள்ளைகள் ஆசையாக வருவார்கள். விரலில் குத்திப் பார்த்தால் பத்து, பத்தரை. தானம் கொடுக்க 12.5 வேண்டும். பாதிப் பேரை பிஸ்கட் கொடுத்துத் திருப்பி அனுப்புவோம். அதில் ஒரு பிள்ளை நாலு வருடம் கழித்து நிறைமாதமாக ஏழு கிராமோடு வரும், அப்போது அவசரமாக இரண்டு யூனிட். நாலாம் மாதமே இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால், இல்லை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அயர்ன் சுக்ரோஸ் ஊசி போட்டிருந்தால், அந்த இரண்டு பை மிச்சம். டெங்கு சீசனிலும் இதே கதை. தட்டணு ஐம்பதாயிரம் என்று ரிப்போர்ட் வந்ததுமே வீட்டார் பிளேட்லெட் கேட்டு வாசலில் நிற்பார்கள். ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பத்தாயிரம் வரை பெரும்பாலும் பொறுத்துப் பார்க்கலாம் என்பதுதான் வழிகாட்டி நெறி. இதில் டாக்டரைவிட உறவினர் கொடுக்கும் நெருக்கடி அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வயதுக் கணக்கும் ஒன்று இருக்கிறது, நம் ஊருக்கு அது ரொம்பப் பொருந்தும். பணக்கார நாடுகளில் ரத்தம் ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபது தாண்டியவர்கள். அமெரிக்காவில் 2019-க்கும் 2021-க்கும் இடையில் 16 முதல் 18 வயதுக் கொடையாளர்கள் அறுபது சதவீதம் குறைந்துபோனார்கள், பள்ளி முகாம்கள் கொரோனாவில் நின்றதால். வயதானவர்கள்தான் தாங்கிப் பிடித்தார்கள். செட்டிநாட்டில் பெரிய வீடுகளில் யார் இருக்கிறார்கள்? ஆச்சியும் ஐயாவும் ஒரு வாட்ச்மேனும். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர். ரத்தம் தேவைப்படும் வயது ஊரில், கொடுக்கும் வயது வெளியூரில். அழகப்பா பல்கலைக்கழகம், சுற்றியுள்ள கல்லூரிகள், இவற்றின் பிள்ளைகள் இல்லையென்றால் எங்கள் பெட்டி பாதி காலி. கானாடுகாத்தான் பக்கம் ஒரு குடும்பம் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த வெளியூர் உறவுக்காரர்களை வைத்தே வீட்டு முகப்பில் முகாம் நடத்தியது, 40 யூனிட்டுக்கு மேல் கிடைத்தது. விருந்து சாப்பிட்டுவிட்டு வந்ததால் ஒருவருக்கும் மயக்கம் வரவில்லை.

காசு பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்துக்கு விலை வைக்கக் கூடாது. பை, சோதனை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கான கட்டணம் மட்டும் வாங்கலாம். தனியார் மையத்தில் ஒரு யூனிட் சிவப்பணுவுக்கு உச்சவரம்பு 1,550 ரூபாய். கூடுதலான சிறப்புச் சோதனை செய்தால் அதற்குத் தனியாக வரும். ரத்தம் விற்பனைக்கல்ல என்று 2024 தொடக்கத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மறுபடி நினைவூட்டியது. உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். ஆள் கூட்டி வராததற்கு என்று தனித் தொகை போட்டிருந்தால் அது தவறு, எழுத்தில் கேளுங்கள். கட்டணம் வரம்புக்குள் இருந்தால், ஆள் கேட்டது பயத்தின் பேரில்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். 18 தானத்துக்குக் கொடுத்த சான்றிதழ்கள் மரியாதைக்கு உரியவை, ஆனால் அவற்றைக் காட்டி ரத்தம் எடுத்துக்கொள்ளச் சட்டப்படி உரிமை எதுவும் இல்லை.

கடைசியாக, அடுத்த முறை எப்போது கொடுப்பது என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. நீங்கள் கடைசியாகக் கொடுத்தது பொங்கல் முகாமில் என்றால் சித்திரை பிறக்கும்போது நாள் முடிந்திருக்கும். தேசியத் தன்னார்வ ரத்ததான நாளான அக்டோபர் 1 முகாமுக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கு ஆள் நிறைய வரும். சித்திரையில் ஒரு நாள் மையத்துக்குப் போன் போட்டு என்ன குரூப் குறைவாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சித்தப்பா மகனையும் கூட்டிப் போங்கள், அவருக்கும் அதற்குள் 90 நாள் ஆகியிருந்தால்.